அப்பாவிடம் சொல்லவேண்டாம், டொக்டர்

வணக்கம் நேயர்களே. மருத்துவ மாணவர்களுக்கு அறநெறியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொந்தக்காரரைப் பார்க்கப் போன இடத்தில், வார்ட் வாசலில் டொக்டரை மறித்துக் கதைக்காதவர்கள் உங்களில் குறைவு. ஆகவே இது உங்களுக்கும் பழக்கமான விஷயம்தான்.

எங்கள் மாணவர்களுக்குக் கோட்பாடு நன்றாக வரும். நோயாளியின் விருப்பத்தை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று 1979இல் அமெரிக்க அறிஞர்கள் இருவர் வகுத்த நான்கையும் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். மனிதர்மீது நடத்தும் மருத்துவ ஆராய்ச்சிக்கு வரம்பு வகுத்த 1947 நியூரம்பேர்க் விதிகள், 1964 ஹெல்சிங்கிப் பிரகடனம், எதிலும் ஆண்டு பிசகாது. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் நான் அதில் தொடங்குவதில்லை. வார்ட்டில் உண்மையாக நடந்த ஒரு கேஸைச் சொல்லி, பாதியில் நிறுத்திவிடுவேன்.

ஒன்றைச் சொல்கிறேன். பெயர், ஊர், வயது, தொழில் எல்லாம் மாற்றித்தான். மாற்றாமல் முடியுமா? கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவருக்குத் தெரிந்தால் விடியுமுன் டொரொண்டோவுக்கே தெரிந்துவிடுமே! நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்த ஒரு ஐயா. வயிற்றில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. கனடாவிலிருந்து மூத்த மகன் போன் எடுத்து, "அப்பாட்டச் சொல்லாதேங்கோ டொக்டர், மனசு உடைஞ்சிடும்" என்கிறார். பெரிய டொக்டருக்குத் தமிழ் தெரியாது, மகள்தான் மொழிபெயர்க்கிறார். டொக்டர் ஆறுதலாக, நீளமாக விளக்கியதை மகள் "சின்னப் புண்ணாம் அப்பா" என்று முடித்துவிடுகிறார். அன்றிரவு இரத்தம் எடுக்கப்போன தமிழ் மாணவனின் கையைப் பிடித்து ஐயா கேட்கிறார்: "தம்பி, எனக்கு என்ன வருத்தம்?"

இங்கே நிறுத்துவேன். நீங்கள் அந்தத் தம்பியானால் என்ன சொல்வீர்கள்? "நோயாளியின் உரிமை" என்று தொடங்கினால் விடமாட்டேன். ஐயாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகும் வசனம் எனக்கு வேண்டும். ஒருவர் "பெரிய டொக்டரிட்டைக் கேளுங்கோ" என்பார். அவர் வந்தால் யார் மொழிபெயர்ப்பது? மகள்தானே! இன்னொருவர் "மகன் சொல்வதும் நியாயம்தானே" என்பார். அப்போதுதான் அடுத்த விவரத்தை விடுவேன்: வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் ஐயாவின் பெயரில் இருக்கிறது, இளைய மகளுக்கு எழுத நினைத்திருக்கிறார். மகன் பக்கம் நின்றவர் கொஞ்சம் அசைவார்.

விவரம் முக்கியம் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். "அறுபது வயது ஆண், புற்றுநோய், குடும்பம் மறைக்கிறது" என்று சுருக்கினால் யாரும் சரியான விடை எழுதிவிடலாம். கட்டிலருகே யார் நிற்கிறார், யார் காசு கட்டுகிறார், யார் போனில் இருக்கிறார் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது கேஸ்.

நடந்தது என்ன தெரியுமா? மாணவன் அன்றிரவு பொய்யும் சொல்லவில்லை, நோயின் பெயரையும் சொல்லவில்லை. "நீங்கள் கேட்டதைக் காலையில் பெரிய டொக்டரிடம் சொல்லுறன் ஐயா" என்றான், சொன்னான். அடுத்தநாள் மகளை வெளியே இருக்கச் சொல்லி, தமிழ் தெரிந்த ஒரு தாதியை வைத்துக்கொண்டு டொக்டர் கேட்டார்: "உங்கள் வருத்தத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" ஐயா யோசித்துவிட்டு, "பேரெல்லாம் மகனிட்டைச் சொல்லுங்கோ. உறுதி எழுத எவ்வளவு காலம் இருக்கெண்டதை மட்டும் எனக்குச் சொல்லுங்கோ" என்றார்.

எல்லாவற்றையும் சொல்வதா, ஒன்றையும் சொல்லாமல் விடுவதா என்று சண்டைபிடித்த வகுப்பில் ஒருவருக்கும் இந்த மூன்றாவது வழி தோன்றியிருக்கவில்லை. அவரிடமே கேட்கலாம் என்பதைத்தான் எல்லோரும் மறந்திருந்தார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரம் போய்விட்டதாம். சம்மதப் பத்திரம் பற்றியும் மாணவர்கள் நோயாளியைத் தொட்டுப் பழகுவது பற்றியும் சொல்ல வந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மாணவர் கூட்டம் உங்கள் கட்டிலைச் சுற்றி வந்தால், "இன்றைக்கு ஏலாது பிள்ளையள்" என்று நீங்கள் சொல்லலாம். அதற்காக உங்கள் சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது. அதற்கும் ஒரு கேஸ் இருக்கிறது, இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.