"கௌரி ஆளுவார்" என்று சொல்லி ஓட்டுக் கேட்டார்கள், முதல்வரானவர் வேறொருவர்!

[திரையில்: தென்னந்தோப்பு. ஒரு பழைய சுவரில் மலையாள எழுத்துகள்.]

வணக்கம் நண்பர்களே. 1987ஆம் வருடம் கேரளத்தில் சட்டமன்றத் தேர்தல். ஊரெல்லாம் ஒரே முழக்கம். "கேரம் திங்கும் கேரள நாட்டில் கே.ஆர். கௌரி பரிச்சீடும்." திங்கும் என்றதும் யாரோ தேங்காய் தின்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையாளத்தில் அது நெருக்கமாக, அடர்ந்து நிறைந்திருப்பதைச் சொல்லும் சொல். தென்னை அடர்ந்த கேரளத்தை கே.ஆர். கௌரி ஆளப்போகிறார் என்பதுதான் பொருள். எதுகை மோனையோடு எவ்வளவு அழகாக இருக்கிறது, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஜெயித்தது இடது முன்னணிதான். ஆனால் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஈ.கே. நாயனார். கௌரியம்மாவுக்குக் கிடைத்தது தொழில் துறை.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, நான் உங்களை 30 வருடம் பின்னால் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கடைசிவரை பாருங்கள். நடுவில் வரும் "பத்து சென்ட்" கதைக்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

முதலில் பின்னணி. சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1919இல் ஆலப்புழைப் பக்கம் பட்டணக்காட்டில் ஈழவக் குடும்பத்தில் பிறந்தவர். எர்ணாகுளத்தில் படிப்பு, பிறகு சட்டம். அவர் சமூகத்திலிருந்து வக்கீலான முதல் பெண். 1948இல் கம்யூனிஸ்ட் கட்சி, சிறை, போலீஸ் அடி. 1952, 1954 இரண்டு தேர்தலிலும் திருவிதாங்கூர்–கொச்சி சட்டசபைக்கு ஜெயித்தார். அவ்வளவுதான். இனிமேல்தான் கதை.

[திரையில்: "1957 ஏப்ரல் 5".]

கேரள மாநிலத்தின் முதல் அமைச்சரவை ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பதவியேற்கிறது. அதில் ஒரே ஒரு பெண். அந்த ஒருவருக்குக் கொடுத்த துறை எது? பெண் என்றால் சமூக நலம் என்று கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். இவருக்குக் கொடுத்தது வருவாய்த் துறை. நிலம் முழுக்க அவர் கையில். வயது 37.

ஆறே நாளில், ஏப்ரல் 11ஆம் தேதி, ஓர் அவசரச் சட்டம் வருகிறது. கேரளம் முழுவதும் குத்தகைக்காரர்களையும் குடிசைக்காரர்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றுவதற்குத் தடை. ஏன் இந்த அவசரம்? நிலச் சட்டம் வரப்போகிறது என்று தெரிந்தாலே ஜன்மிகள், அதாவது நில உடைமையாளர்கள், முதலில் செய்வது ஆளைக் கிளப்புவதுதான். சட்டம் வரும்போது நிலத்தில் குத்தகைக்காரன் என்று எவனும் இருக்கக் கூடாது. அதனால் கதவை முதலில் பூட்டிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள். எனக்கு இதில் தெரிவது ஒரு வக்கீலின் மூளை.

சரி, பத்து சென்டுக்கு வருவோம்.

அன்றைய கேரளத்தில் "குடிகிடப்பு" என்று ஒரு சொல் உண்டு. ஜன்மியின் தோப்பில் ஒரு மூலையில், அவர் அனுமதியோடு, ஒரு குடிசை. மேலே ஓலை. அந்தக் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தென்னை நிற்கிறது என்று வையுங்கள். நட்டது குடிசைக்காரனின் அப்பாவாகவே இருக்கலாம், தண்ணீர் ஊற்றியது அவன் அம்மாவாக இருக்கலாம். காய் மட்டும் ஜன்மிக்கு. அவருக்கு மனம் மாறினால் ஓலையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பாட்டம், அதாவது குத்தகை, கட்டும் குத்தகைக்காரனுக்காவது ஒரு கணக்கு உண்டு, இவனுக்கு அதுவும் கிடையாது.

1959 ஜூன் மாதம் விவசாய உறவு மசோதா சட்டசபையில் நிறைவேறியது. ஒரு குடும்பத்துக்கு 15 ஏக்கர்தான் உச்சவரம்பு. அதற்குள் கல்விச் சட்டத்தையும் இந்த மசோதாவையும் எதிர்த்து "விமோசன சமரம்", அதாவது விடுதலைப் போராட்டம், என்ற பெரும் கிளர்ச்சி. ஜூலை 31ஆம் தேதி மத்திய அரசு ஆட்சியைக் கலைத்துவிட்டது. அடுத்து வந்த அரசு ஒரு சட்டம் போட்டது, உச்ச நீதிமன்றத்தில் அடி வாங்கியது. மறுபடி 1963இல் ஒன்று. இதையெல்லாம் விவரித்தால் நீங்கள் வேறு வீடியோவுக்குப் போய்விடுவீர்கள்.

1967இல் கௌரியம்மா மீண்டும் வருவாய்த் துறை அமைச்சர். 1969இல் அந்த 1963 சட்டத்துக்குப் பெரிய திருத்தம். குத்தகை முறையே ஒழிந்தது, உழுதவனுக்கே நிலம். குடிகிடப்புக்காரருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். கிராமப் பஞ்சாயத்தில் 10 சென்ட். நகராட்சியில் 5. மாநகரத்தில் 3.

[திரையில்: தரையில் சுண்ணாம்புக் கோட்டால் போட்ட ஒரு சதுரம்.]

ஒரு சென்ட் 435 சதுர அடிச் சொச்சம். அப்படியென்றால் பத்து சென்ட் 4,356 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒன்றே முக்கால் கிரவுண்டுக்கும் மேல்! குடிசையைச் சுற்றி ஒரு மாட்டுத் தொழுவம், நாலைந்து தென்னை, ஒரு பலா, கொஞ்சம் மரவள்ளி, இத்தனைக்கும் இடம் உண்டு. மூன்று சென்ட் என்பது 1,300 சதுர அடி. இன்றைக்கும் கேரளத்து நகரங்களில் அளவாக ஒரு வீடு கட்டப் போதும். விலை? சந்தை மதிப்பில் கால் பங்கு. அந்தக் கால் பங்கிலும் பாதி அரசு நிதியிலிருந்து.

எனக்கு இந்த அளவுகள் மேல் பெரிய மரியாதை. ஏழைக்கு நிலம் என்று மேடையில் முழங்குவது சுலபம். பஞ்சாயத்தில் இத்தனை, நகராட்சியில் இத்தனை என்று இடத்துக்குத் தகுந்தபடி எண்ணிப் போட, தோப்பு எப்படி இருக்கும், வேலி எங்கே வரும் என்று நேரில் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 1970 ஜனவரி 1. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த அமைச்சரவை கவிழ்ந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கு வேறொருவர் பெயர் வைத்த மாதிரி. கௌரியம்மாவின் கட்சி தெருவில் இறங்கியது. குடிசைக்காரர்கள் தங்கள் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் அளந்து வேலி கட்டினார்கள். அந்தத் தென்னையில் ஏறித் தேங்காய் பறித்தார்கள். அது வரைக்கும் ஒரு காய்கூடத் தனது என்று சொல்ல முடியாதவர்கள்.

உங்கள் கேரள நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், "உங்க வீட்டு நிலம் எப்படி வந்தது" என்று. பத்து சென்ட் என்று பதில் வந்தால் எனக்குக் கமெண்டில் எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் படிக்கிறேன்.

இப்போது அவர் வீட்டுக் கதை. 1957இல் தன்னோடு அமைச்சராக இருந்த டி.வி. தாமஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அமைச்சரும் அமைச்சரும். 1964இல் கட்சி இரண்டாக உடைந்தது. கணவர் சி.பி.ஐ., மனைவி சி.பி.எம். 1967 அமைச்சரவையில் இரண்டு பேரும் இருந்தார்கள், ஆளுக்கொரு கட்சி சார்பில். அவர் தொழில் துறை, இவர் வருவாய்த் துறை. கட்சியோடு சேர்ந்து குடும்பமும் பிரிந்தது. 1977இல் தாமஸ் இறந்துவிட்டார். அதே வருடம் ஆலப்புழைப் பக்கத்து அரூர் தொகுதியில் கௌரியம்மாவைத் தோற்கடித்தவர் ஒரு சி.பி.ஐ. வேட்பாளர்.

தோற்றவர் ஓயவில்லை. 1980, 1982, 1987, 1991, நான்கிலும் அரூர் அவருக்குத்தான். 1987இல்தான் நான் முதலில் சொன்ன முழக்கம். முதல்வர் பதவி கை நழுவியதும் மூலையில் உட்கார்ந்தாரா? தொழில் அமைச்சராக வேலை பார்த்தார். திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் உருவானது அந்தக் காலத்தில்தான், 1990இல். தோப்புக் குடிசைக்குப் பட்டா கொடுத்தவர் கையிலேயே கம்ப்யூட்டர் பூங்காவும் வந்து சேர்ந்தது.

1994 தொடக்கத்தில் கட்சி அவரை வெளியேற்றியது. 74 வயதில் ஜே.எஸ்.எஸ். என்று சொந்தக் கட்சி தொடங்கி, 1996இல் அதே அரூரில் ஜெயித்தார். அந்த வருடம் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பழங்குடிகளிடமிருந்து பறிபோன நிலத்தைத் திருப்பித் தர 1975இல் ஒரு சட்டம் இருந்தது. அதை நீர்த்துப்போக வைக்கும் திருத்தம் சட்டசபைக்கு வந்தது. ஆளும் கட்சி ஆதரவு, எதிர்க்கட்சியும் ஆதரவு. எதிர்த்து நின்றது ஒரே ஓர் உறுப்பினர், அவர் கௌரியம்மா. நிலம் பறிபோனவன் பக்கம் நிற்பது என்று 1957இல் எடுத்த முடிவு, கட்சி போன பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

2001இல் காங்கிரஸ் கூட்டணியில் வேளாண் அமைச்சர். 2006இல் தோல்வி. 2011இல் 91 வயதில் சேர்த்தலையில் நின்றார், அங்கும் தோல்வி. அதோடு தேர்தல் முடிந்தது.

முதல்வர் நாற்காலியைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 1957 முதல் அவர் இறந்த 2021 வரை கேரளத்தில் ஒரு பெண்கூட முதல்வராகவில்லை. தகுதியான ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் இந்த வீடியோவை அனுப்பி வையுங்கள்.

[திரையில்: ஆலப்புழை, வலிய சுடுகாடு.]

2021 மே 11. கௌரியம்மாவுக்கு வயது 101. முதல் அமைச்சரவையில் உயிரோடிருந்த கடைசி ஆள் அவர்தான். கொரோனா ஊரடங்கு, கூட்டத்துக்கு எண்ணிக்கை வைத்திருந்தார்கள். வெளியேற்றிய கட்சியே வந்து அவர் உடல்மீது செங்கொடி போர்த்தியது. 1946இல் நடந்த புன்னப்புரா–வயலார் தொழிலாளர் போராட்டத் தியாகிகள் உறங்கும் வலிய சுடுகாட்டில் தகனம். டி.வி. தாமஸின் நினைவிடமும் அங்கேதான் இருக்கிறது.