தம்பலகாமத்து அப்பக்கடை: மாப்பானை காலியானால் கடை பூட்டு

வணக்கம் உறவுகளே. நேரம் காலை ஆறரை. பின்னால் தெரிவது தம்பலகாமத்து வயல். திருகோணமலையிலிருந்து கண்டி வீதியால் வந்து சந்தியில் உள்ளே திரும்பினேன். போன கிழமை ஒன்பது மணிக்கு வந்து, வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியவன் நான். அதனால்தான் இன்று இருட்டோடு கிளம்பினேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. கடை நடத்துகிற அன்ரியின் அம்மம்மா, அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்க, வருகிறவர்களுக்காக விடியற்காலையில் அப்பம் சுடத் தொடங்கியதாம். இப்போது வெட்டுவது மெஷின். மெஷின் அப்பம் தின்னுமா? அதனால் பஸ்காரர்களும், ஆதி கோணநாயகர் கோயிலுக்கு வருகிறவர்களும்தான் வாடிக்கை.

இந்த மாவைப் பாருங்கள். பச்சரிசியை ஊறவைத்து இடித்து அரிப்பார்கள். அரிதட்டில் தங்குகிற கப்பியைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் மாவோடு சேர்த்துக் குழைத்து இரவு முழுக்கப் புளிக்க விடுவார்கள். முன்பு அதற்குக் கள்ளு ஊற்றினார்களாம். கோயிலுக்குப் போகிறவர்கள் முகம் சுளித்ததால் இப்போது ஈஸ்ட். உண்மையைச் சொன்னால், கள்ளு விட்ட அப்பத்தின் வாசமே வேறு! தேங்காய்ப்பால் மட்டும் சுடுவதற்குச் சற்று முன்புதான் சேரும். இரவே விட்டால் பழுதாகிவிடும்.

அடுப்பில் சிரட்டை நெருப்பு. 2022இல் காஸுக்கு ஊரே வரிசையில் நின்றபோது என்ன செய்தீர்கள் என்று அன்ரியிடம் கேட்டேன். "எங்களிட்ட காஸ் எப்ப தம்பி இருந்தது, இல்லாமல் போக?" என்றார். அவர்களை வாட்டியது தேங்காய் விலைதான். அப்போதும் பாலில் தண்ணீர் கூட்டவில்லை, அப்பத்தின் எண்ணிக்கையைத்தான் குறைத்தார்களாம்.

சரி, நானும் ஒன்று சுட்டுப் பார்த்தேன். ஒரு அகப்பை மா, சட்டியை ஒரே ஒரு சுற்று. அன்ரியின் மகள் சுற்றினால் ஓரம் சல்லடை போல மெல்லிசாக ஏறுகிறது, நடுவில் பஞ்சு. நான் இரண்டு சுற்றுச் சுற்றினேன், தோசைக்கும் ரொட்டிக்கும் நடுவில் ஏதோ வந்தது. அதைக் காகத்துக்குப் போட்டார்கள். அந்தச் சட்டியில் வேறெதுவும் பொரிக்க மாட்டார்கள், சவர்க்காரமும் படாது. நல்லெண்ணெய்த் துணியால் துடைப்பதோடு சரி.

முட்டை அப்பம் கேட்கிறவர்கள் கேட்கட்டும். எனக்கு வெள்ளை அப்பமும் கட்டைச் சம்பலும் போதும். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, உப்பு, எல்லாம் இடித்துத் தேசிக்காய்ப் புளி விட்டது. கடைசியில் ஒரு பாலப்பம், நடுவில் முதற்பாலும் சீனியும்.

வீட்டுக்கு நான்கு பார்சல் கேட்டேன். "வீடு போய்ச் சேர முதல் வாடிப்போகும், இருந்து சாப்பிடு" என்று மறுத்துவிட்டார். பானையில் இன்னும் இரண்டு அகப்பை மாத்தான் இருக்கிறது. கமராவை நிறுத்துகிறேன், கையெல்லாம் சம்பல்.