தினம் ஒரு ஆஸ்பிரின் யாருக்கு?

பெரியோர்களே, அவர்களை அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"பக்கவாதம் வராமலிருக்க ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா டாக்டர்? பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறாரே" என்று வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு இதற்கு முன் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருக்கிறதா? ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களா? ஆம் என்றால் ஒரு கணக்கு. இல்லை என்றால் அது வேறு கணக்கு.

ஆஸ்பிரின் செய்வது என்ன? ரத்தத்தில் ஓடும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள உதவும் நொதி ஒன்றை அது நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. புது நொதியைச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. வாழும் ஏழெட்டு, பத்து நாளும் அது அப்படியே கிடக்கும். அதனால்தான் 75 மில்லிகிராம் போதுமானதாக இருக்கிறது. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதே நொதிதான். அது குறைந்தால் புண் வரும், ரத்தம் கசியும். "நான் சாப்பிடுவது உறை போட்ட மாத்திரை, வயிற்றை ஒன்றும் செய்யாது" என்பார்கள். உறை இருந்தாலும் மருந்து ரத்தத்தில் கலந்த பிறகு இரைப்பைச் சுவரை எட்டத்தான் செய்யும். உறையை நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே மூளை ரத்தக்குழாயை ரத்தக் கட்டி அடைத்துப் பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த மாத்திரை உயிர்காப்பு. லேசாக வாய் கோணி, கை மரத்து, அரை மணி நேரத்தில் சரியாகிப் போனவர்களும் இதில் சேர்த்திதான். சரியாகிவிட்டதே என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பெரிய பக்கவாதம் அதிகமாகத் தாக்குவது அடுத்து வரும் சில நாட்களிலும் வாரங்களிலும்தான். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் ராத்வெல் குழு பழைய ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, முதல் ஆறு வாரத்தில் மறுபடி பக்கவாதம் வருவதை ஆஸ்பிரின் ஏறக்குறைய 60 சதவீதம் குறைக்கிறது. அங்கே ரத்தக்கசிவு பயத்தை விட லாபம் மிகப் பெரிது.

ஒன்றுமே வராதவர்களின் கதை வேறு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களை வைத்து 'ஆஸ்ப்ரீ' என்ற ஆய்வு நடந்தது. பெரும்பாலோர் 70 வயதைத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்குத் தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்து கவனித்தார்கள். கட்டியால் வந்த பக்கவாதம், மருந்தில்லாதவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 17 பேருக்கு. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 15 பேருக்கு. தற்செயலாகவே வரக்கூடிய அளவு வித்தியாசம்தான் இது. இப்போது மறுபக்கம் பாருங்கள். மண்டைக்குள் ரத்தக்கசிவு, மருந்தில்லாதவர்களில் ஆயிரத்துக்கு 8, எடுத்தவர்களில் 11. பக்கவாதத்தைத் தடுக்கப் போட்ட மாத்திரை, மூளையிலேயே தடுத்ததை விடக் கூடுதலாகக் கசிய விட்டிருக்கிறது! வயிற்றுக் கசிவு இதற்கு மேல் தனி. வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்து தலை இடித்துக்கொண்டால், ஆஸ்பிரின் எடுப்பவருக்கு உள்ளே கசிவு நிற்பது கடினம். வீட்டில் பெரியவர் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்காவது பலன் இருக்குமா? 'அசெண்ட்' ஆய்வில் 15,480 பேர். ஏழாண்டுக்கு மேல் பார்த்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6 சதவீதத்திலிருந்து 8.5-க்கு இறங்கின, பெரிய ரத்தப்போக்கு 3.2-லிருந்து 4.1-க்கு ஏறியது. வந்த லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிட்டது. இவற்றையெல்லாம் பார்த்துத்தான், 60 வயதுக்கு மேல் முன்தடுப்புக்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022-ல் சொல்லிவிட்டது.

இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவர்கள் ஆஸ்பிரினை நம்பி இருக்கக் கூடாது. அவர்களுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற மருந்துகள்தான் சரி.

முட்டி வலிக்கு டைக்ளோஃபினாக்கைக் கடையில் வாங்கி ஆஸ்பிரினோடு சேர்த்து விழுங்காதீர்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சல் வந்தால், ஆஸ்பிரின் எடுப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆனால் என் பேச்சைக் கேட்டுவிட்டு, ஸ்டென்ட் வைத்தவரோ பக்கவாதம் வந்தவரோ நாளை காலை மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது; கட்டி அடைக்க அதுவே காரணமாகலாம். பல் பிடுங்கப் போனாலும் எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நெஞ்சு வலிக்கு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வாய் கோணி, பேச்சுக் குழறினால் அதைச் செய்யாதீர்கள். அடைப்பா, கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுக்கும்வரை எந்த மருத்துவருக்கும் தெரியாது. வாயில் எதையும் போடாமல் 108-ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் இருக்கிறது.