பொறியியலா, நிதித்துறையா?

மாணவ நண்பர்களே, வணக்கம்.

பொறியியலா, நிதித்துறையா என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு சம்பளங்களைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். சம்பளம் முக்கியம்தான். கடன் வாங்கிப் படிக்கிறவருக்கு இன்னும் முக்கியம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள்: நீங்கள் செய்த வேலை சரியா தவறா என்பது எப்படித் தெரியவந்தால் உங்களுக்கு நிம்மதி?

பொறியியலில் அதைப் பெரும்பாலும் பொருளே சொல்லிவிடும். மின்சுற்று வேலை செய்யும், இல்லையென்றால் சூடாகிப் புகையும். உத்திரம் சுமையைத் தாங்கும், இல்லையென்றால் வளையும். நிதித்துறையில், நன்றாக யோசித்து எடுத்த முதலீட்டு முடிவு நட்டத்தில் முடியலாம்; யோசிக்காமல் எடுத்தது லாபம் தரலாம். திறமையா அதிர்ஷ்டமா என்று தெரிய பல ஆண்டுகள் ஆகும். இதைத் தாங்கும் மனம் சிலருக்கு இயல்பாகவே இருக்கிறது. சிலருக்கு இல்லை, அதில் குறை எதுவும் கிடையாது.

ராபர்ட் மெர்டனை எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் கணிதம் படித்தவர், பிறகு பொருளாதாரத்துக்கு வந்தார். 1973-இல் பிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் ஆப்ஷன், அதாவது ஒரு பங்கைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை, அதன் விலையைக் கணிக்கும் சமன்பாட்டை வெளியிட்டார்கள். அதே ஆண்டு மெர்டன் அதை விரிவாக்கினார். அந்தச் சமன்பாட்டை மாற்றி எழுதினால், உலோகத் தண்டில் வெப்பம் பரவுவதற்கு நாம் படிக்கிற சமன்பாடு வந்து நிற்கும். எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம் இது. 1997-இல் மெர்டனுக்கும் ஷோல்ஸுக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

மறு ஆண்டே, அவர்கள் இருவரும் பங்குதாரர்களாக இருந்த லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிதியம் சரிந்தது. 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தியதும் சந்தைகளைப் பயம் பிடித்துக்கொண்டது. கடைசியில் நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு நிதியத்தைக் கையில் எடுத்தன. மெர்டனுக்கும் ஷோல்ஸுக்கும் கணக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஏராளமாகக் கடன் வாங்கி முதலீடு செய்திருந்தார்கள். அதே மாதிரி முதலீடுகளை மற்றவர்களும் வைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறப் பார்த்தார்கள். நீங்கள் கணக்கிடுகிறீர்கள் என்பதற்காக உலோகத் தண்டு வேறு மாதிரி சூடாகாது. சந்தையில் இருப்பவர்கள் மனிதர்கள். உங்களைப் பார்த்து அவர்களும் நகர்வார்கள். நிதித்துறைக்குப் போகிற பொறியியல் மாணவர் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

சரி, பொறியியல் படித்துவிட்டுப் பிறகு நிதிக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். கணிதமும் நிரலாக்கமும் தெரிந்தவர்களை அந்தத் துறை விரும்பி எடுக்கிறது. நிதி படித்துவிட்டுப் பாலம் கட்டப் போவது அதைவிடக் கடினம். ஆனால் பிடிக்காத பாடத்தை வெறும் நுழைவுச்சீட்டாக நினைத்துப் படித்தால் மதிப்பெண் சரியும், நல்ல நிதி வேலைகளுக்கு அந்த மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அப்புறம், நிதி என்பது ஒரே வேலை இல்லை. தணிக்கை, கடன் மதிப்பீடு, காப்பீட்டுக் கணிப்பு, முதலீட்டு வங்கி என்று ஒவ்வொன்றும் தனி வாழ்க்கை. முதலீட்டு வங்கியில் புதிதாகச் சேர்பவர் இரவு வெகுநேரம் எக்செல் தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பார். பொறியாளரின் நாளும் வடிவமைப்பிலேயே கழிவதில்லை. சோதனை, ஆவணம், கூட்டம் என்று பாதி நேரம் போய்விடும். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆன ஒருவரிடம், போன வாரம் என்னென்ன செய்தீர்கள் என்று நாள் நாளாகக் கேளுங்கள்.

அடுத்த பருவத்தில் ஒரு விருப்பப் பாடம் எடுக்க இடமிருந்தால், பொறியியல் மாணவர்கள் கணக்கியல் எடுங்கள். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை உட்கார்ந்து படிக்கப் பொறுமை இருக்கிறதா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நிதி மாணவர்கள் நிரலாக்கம் எடுங்கள். நிகழ்தகவும் புள்ளியியலும் இரண்டு பக்கத்தாருக்கும் வேண்டும். அவற்றைத் தள்ளிப்போடாமல் இந்த ஆண்டே படித்துவிடுங்கள்.