ஏறுற வண்டிக்கு வழி விடுங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க. ரோட்டுல ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுக்கறத பத்தி பேசச் சொல்லி கூப்பிட்டாங்க. எனக்கு தெரிஞ்ச ரோடு ஒண்ணே ஒண்ணுதான், பொள்ளாச்சி டூ வால்பாறை, 64 கிலோமீட்டர், ஆழியார் தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு, அதுல 18 வருஷம் பஸ் ஓட்டினேன், அதனால அதையே சொல்லிடறேன்.

மலை ரோட்டுல குறுகலான இடத்துல ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, எறங்கறவரு ஓரமா நிக்கணும், 1989 சாலை விதிலயே போட்டிருந்தாங்க. ஏன்னு கேட்டா, அம்பது பேர ஏத்திட்டு முக்கி முக்கி ஏறிட்டு இருக்கற பஸ் வளைவுல ஒருதடவ நின்னுச்சுன்னா மறுபடி நகத்தறது இருக்கே, கிளட்ச்ச பாதி விட்டு, ஆக்சிலேட்டர மிதிச்சு, பிரேக்க எடுக்கறதுக்குள்ள ஒரு முழம் பின்னால உருண்டுரும். பின்னாடி பம்பர ஒட்டி ஒரு பைக் தம்பி நிப்பாரு, கண்ணாடில அவரு தலை கூட எனக்கு தெரியாதுங்க.

ஒருநாள் சாயந்தரம் நல்ல மூடுபனி. மேல இருந்து ஒரு டூரிஸ்ட் கார், லைட்ட பிரைட்ல போட்டுட்டு நேரா மூக்குக்கு மூக்கு வந்து நின்னுருச்சு. பத்தடி பின்னால எடுத்தா போதும், ஆனா "நான் எதுக்கு எடுக்கணும்"ங்கறாரு. எங்க கண்டக்டர் எறங்கி கெஞ்சி, எனக்கு பின்னால ஏழெட்டு வண்டி, பஸ்ல ஒரு கைக்குழந்தை வேற அழுதுட்டே இருந்துச்சு, இருபது நிமிஷம் போச்சு.

அடுத்த வாரம் அதே வளைவுல தேயிலை ஏத்திட்டு எறங்குன லாரி ஒண்ணு, நான் ரெண்டு வளைவு கீழ வர்றப்பவே என் லைட்ட பாத்துட்டு செவத்தோரம் ஒதுங்கி, டிம் பண்ணிட்டு நிக்குது. மேல இருக்கறவருக்கு கீழ வர்றது தெரியும், ஏறுற எனக்கு மேல தெரியாது. தெரிஞ்சவரு நின்னாரு, அவ்ளோதான் விஷயம்.

ஒன்பதாவது வளைவுல வரையாடு பாக்கறோம்னு நடுரோட்டுல கார நிறுத்தறவங்கள பத்தி நான் ஒண்ணும் சொல்லல, வயித்தெரிச்சல்தான்.

சரி, கீழ சமதளத்துக்கு வந்தா மட்டும் என்ன வாழுது? 2022ல தமிழ்நாட்டுல 64,105 விபத்து, எண்ணிக்கைல நாட்டுலயே நாமதான் முதல். அறுபதுல போற வண்டி ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல போயிரும், எதிர் லைட்டுல ரெண்டு செகண்ட் கண்ணு கூசுனா 33 மீட்டர் குருடனாத்தான் ஓட்டறீங்க. டிம் பண்றதுக்கு ஒரு விரல் போதும். அப்பறம் இந்த ரைட் இண்டிகேட்டர், ஒரு லாரிக்காரரு போட்டா "முந்திக்கோ"ன்னு அர்த்தம், இன்னொருத்தரு போட்டா நெசமாவே திரும்பறாரு, சந்தேகமா இருந்தா முந்தாதீங்க, ரெண்டு நிமிஷம் லேட்டானா யாரு அடிக்கப் போறாங்க.

ரோடு தாண்ட நிக்கற பெரியவருக்கு உங்க வேகம் கணக்கு தெரியாது, உங்களுக்கு அவரு நிக்கறது தெரியுதுல்ல.

ரிட்டயர் ஆயிட்டேன். இப்ப பயணியா வால்பாறை போறப்ப முன் சீட்டுதான் கேப்பேன். எதிர்ல யாராவது ஒதுங்கி வழி விட்டா என் கை தன்னால மேல போயிருது, டிரைவர் தம்பி திரும்பி ஒரு சிரிப்பு சிரிக்கறாரு. வர்றேனுங்க, வணக்கம்.