ரெபெக்கா நர்ஸ் வீடு: ஊர்க்காரர்களே பராமரிக்கும் 1678-ஆம் ஆண்டு மர வீடு | டான்வர்ஸ் வ்லாக்

வணக்கம் மக்களே. பாஸ்டனுக்கு வடக்கே, முக்கால் மணி நேரத்துக்குள் காரில் வந்துவிடலாம், டான்வர்ஸ் என்ற ஊர். என் பின்னால் நிற்கிற அந்த மர வீடு 1678 வாக்கில் வந்தது. சுற்றிலும் புல்வெளி, கல்வேலி, கொஞ்சம் தள்ளி மரங்கள். அதற்கும் அப்பால் பார்த்தால் சாதாரணக் குடியிருப்புத் தெருக்கள்தான்.

மாசசூசெட்ஸில் சேலம் என்றாலே எல்லாருக்கும் 1692-இல் நடந்த சூனிய வழக்குகள் ஞாபகம் வரும். அக்டோபர் மாதம் சேலம் நகருக்குப் போனால் நடக்க இடம் இருக்காது. சூனியக்காரி தொப்பி, மெழுகுப் பொம்மை, பேய் வீடு எல்லாம் உண்டு. ஆனால் அந்த வழக்குகள் தொடங்கிய இடம் சேலம் கிராமம். அதுதான் இன்றைய டான்வர்ஸ். 1752-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஊராயிற்று. தூக்கில் போடப்பட்ட ஒரு பாட்டி வாழ்ந்த வீடு இங்கே இன்னும் நிற்கிறது. அதை ஓர் அரசுத் துறையோ பெரிய அருங்காட்சியகமோ பராமரிக்கவில்லை. டான்வர்ஸ் அலாரம் லிஸ்ட் கம்பெனி என்ற தன்னார்வலர் அமைப்பு பராமரிக்கிறது. அவர்கள் செய்கிற வேலையைப் பற்றிப் பேசத்தான் இந்த வீடியோ.

முதலில் அந்தப் பாட்டி யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த வீட்டுக்காக ஏன் இவ்வளவு பாடு என்று புரியாது.

ரெபெக்கா நர்ஸ். இங்கிலாந்தில் கிரேட் யார்மவுத்தில் பிறந்தவர். கணவர் பிரான்சிஸ் மரத்தட்டு, மரப்பாத்திரம் செய்கிறவர். 300 ஏக்கர் பண்ணை, எட்டுப் பிள்ளைகள், சபையில் நல்ல பெயர். 1692 மார்ச்சில் அவருக்கு 71 வயது, உடம்பு முடியாமல் படுக்கையில் இருந்தார். அக்கம்பக்கத்தார் நான்கு பேர் இந்த வீட்டுக்கு வந்து, சூனியம் செய்கிறவர் என்று உங்கள் பெயரையும் சொல்கிறார்கள் என்று தெரிவித்தார்கள். அவர்கள் விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே, சூனியத்தால் வலிப்பு வந்து துடிப்பதாகச் சொல்லப்பட்ட ஊர்ப் பெண்பிள்ளைகளை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார் ரெபெக்கா. செய்தியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, பிறக்காத குழந்தையைப் போல நான் குற்றமற்றவள், இந்த வயதான காலத்தில் இப்படி ஒரு துன்பம் வர நான் மனம் வருந்தாமல் விட்ட பாவம் என்ன இருக்கிறது என்று கேட்டார். வந்தவர்கள் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டதால் அந்த வார்த்தைகள் இன்றும் இருக்கின்றன.

ஜூன் மாத இறுதியில் விசாரணை. நடுவர் குழு முதலில் குற்றமற்றவர் என்றுதான் சொன்னது. கூட்டம் கத்தியது. தலைமை நீதிபதி ஸ்டவுட்டன், கைதியாக இருந்த இன்னொரு பெண்ணைப் பற்றி ரெபெக்கா சொன்ன ஒரு வார்த்தையைச் சுட்டிக்காட்டி, இதை யோசித்தீர்களா என்று கேட்டார். நடுவர்கள் ரெபெக்காவிடமே விளக்கம் கேட்டார்கள். பதில் வரவில்லை. எனக்குக் காது சரியாகக் கேட்காது, துக்கத்தில் வேறு இருந்தேன், அவர்கள் கேட்டதே எனக்குத் தெரியவில்லை என்று பிறகு எழுதிக் கொடுத்தார். அதற்குள் தீர்ப்பு மாறிவிட்டது. ஜூலை 19-ஆம் தேதி மற்ற நான்கு பெண்களோடு அவரையும் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டு தூக்கில் போனவர்கள் மொத்தம் 19 பேர். செப்டம்பரில் போனவர்களில் ஒருவர் ரெபெக்காவின் தங்கை மேரி ஈஸ்டி.

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம்.

கிட்டே போய்ப் பார்க்கலாம், வாருங்கள். முன்பக்கம் இரண்டு மாடி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்கூரை நீளமாகத் தரையை நோக்கிச் சரிவது தெரியும். இந்த நியூ இங்கிலாந்துப் பகுதியின் பழைய வீடுகளில் இந்த வடிவம் நிறைய உண்டு. கட்டியபோது வீடு இவ்வளவு பெரியதில்லை. அப்புறம் வந்த தலைமுறைகள் சேர்த்துச் சேர்த்துக் கட்டியதுதான் நீங்கள் பார்க்கிற உருவம். சுவரில் மெல்லிய பலகைகள், மேலே இருப்பது கீழே இருப்பதன் மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். மழை வழிந்து வெளியே விழுவதற்காக அப்படி.

மர வீட்டுக்கு எதிரி தண்ணீர். கறையானும் வண்டும் எறும்பும் பெரும்பாலும் ஈரம் இருக்கிற இடத்துக்குத்தான் வரும். இங்கே குளிர்காலத்தில் கூரைமேல் பனி ஏறி உட்காரும். பகலில் கொஞ்சம் உருகி இடுக்குகளுக்குள் இறங்கும், இரவில் மறுபடி உறைந்து அந்த இடுக்கைப் பெரிதாக்கும். வசந்த காலத்தில் ஏணி போட்டுக் கூரையைப் பார்த்தே ஆக வேண்டும். அதைவிடக் கவலை தருவது அடிச்சட்டம், அதாவது வீட்டின் மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு அடித்தளக் கல்லின்மேல் படுத்திருக்கிற கனமான மரம். காலப்போக்கில் வெளியே மண்மட்டம் மெல்ல உயர்ந்து, புல் வளர்ந்து, சருகு சேர்ந்து அந்த மரத்தைத் தொட்டுவிடும். தொட்டால் உளுத்துப்போகும். மண்ணைத் தோண்டி இறக்குவது, சருகு வாருவது, சுவரோரச் செடியை வெட்டுவது இதெல்லாம் தோட்ட வேலை மாதிரித் தெரியும். உண்மையில் வீட்டைக் காப்பாற்றுகிற வேலையே அதுதான்.

ஒரு பலகை கெட்டுவிட்டால் முழுச் சுவரையும் கழற்றிப் புதிதாக அடித்துவிட முடியாது. பழைய வீடு பராமரிப்பவர்கள் எல்லாரும் பின்பற்றுகிற முறை, கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே வகை மரத்தை அளவாகச் செதுக்கிப் பொருத்துவது. நல்ல மரம் எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவையும் விட்டு வைக்க வேண்டும். புகைபோக்கியும் அப்படித்தான். அந்தக் காலத்துச் செங்கல் மிருதுவானது. அதன் இடுக்கில் இன்றைய சிமெண்டைப் பூசினால் சிமெண்ட் நிற்கும், செங்கல் உடையும். சுண்ணாம்புக் கலவைதான் போட வேண்டும். நேரமும் ஆகும், செலவும் ஆகும்.

இந்த வீடு யார் யார் கை மாறி வந்தது என்பதும் தெரிய வேண்டும். ரெபெக்காவின் சந்ததி 1784 வரை இங்கே இருந்தது. அதன் பிறகு வாங்கியவர் பினியாஸ் பட்னம். பட்னம் என்ற பெயர் இந்தக் கதையில் கனமானது. தாமஸ் பட்னமின் மனைவியும் மகள் ஆனும்தான் ரெபெக்காவின்மேல் பழி சொன்னவர்களில் முக்கியமானவர்கள். அதே குடும்பப் பெயர்க்காரர்கள் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் இந்த வீட்டில் குடியிருந்து பயிர் செய்தார்கள். வீடு இவ்வளவு காலம் நின்றதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை நினைவிடமாக்க ஒரு சங்கம் அமைத்து வாங்கினார்கள். ஜோசப் எவரெட் சாண்ட்லர் என்ற கட்டடக் கலைஞர் 1909-இல் வீட்டைச் சீரமைத்தார். பாஸ்டனில் அமெரிக்கச் சுதந்திரப் போர் நாயகர் பால் ரெவியரின் வீட்டைச் சீரமைத்தவரும் இவர்தான். பிறகு நியூ இங்கிலாந்தின் பழம்பொருள் பாதுகாப்புச் சங்கத்திடம் பல ஆண்டுகள் இருந்தது. 1981-இல் அலாரம் லிஸ்ட் கம்பெனியின் கைக்கு வந்தது.

இந்தக் கம்பெனிக்காரர்கள் யார் தெரியுமா? 1775 ஏப்ரல் 19-ஆம் தேதி, அமெரிக்கச் சுதந்திரப் போரின் முதல் நாளில், டான்வர்ஸிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போய் மெனோட்டமி என்ற இடத்தில் பிரிட்டிஷ் படையோடு மோதி, இந்த ஊர்க்காரர்கள் ஏழு பேர் செத்தார்கள். லெக்சிங்டனுக்கு அடுத்து அன்று அதிக உயிர் இழந்த ஊர் இதுதான். அந்த ஊர்ப்படையை நினைவுகூர்ந்து, அந்தக் காலத்து உடுப்பு உடுத்தி அணிவகுப்பவர்கள் 1970-களில் தொடங்கிய அமைப்பு இது. போர் நினைவுக்காகச் சேர்ந்தவர்கள், அதற்கு 83 ஆண்டு முன்னால் அநியாயமாகச் செத்த ஒரு பாட்டியின் வீட்டையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். 25 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். புல் வெட்ட வேண்டும், புயலில் விழுந்த மரத்தை அறுத்து அகற்ற வேண்டும், டிக்கெட் கொடுக்க வேண்டும், கதை சொல்ல வேண்டும், இரவு பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

வீட்டுக்குள்ளே நான் படம் பிடிக்கவில்லை. நமக்காக நேரம் ஒதுக்கி ஒருவர் சுற்றிக் காட்டும்போது அவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட மனம் வரவில்லை. வாயால் சொல்கிறேன். தலைக்கு மேலே கனமான விட்டம், பெரிய அடுப்பங்கரை, சின்ன ஜன்னல், குனிந்து போக வேண்டிய வாசல். அந்த அறையில் நின்று கதையைக் கேட்கும்போது, இந்த வீட்டுக்குத்தானே அந்த நான்கு பேரும் செய்தியோடு வந்தார்கள் என்ற நினைப்பு வருகிறது. எந்த மெழுகுப் பொம்மையாலும் அதைத் தர முடியாது.

அதோ தெரிகிறதே, அது கிராமத்தின் பிரார்த்தனைக் கூடம். அசல் கூடம் 1672-இல் தொடங்கியது, 34 அடிக்கு 28 அடி. ரெபெக்காவை முதலில் விசாரித்ததும் அங்கேதான். அது எப்போதோ போய்விட்டது. நீங்கள் பார்ப்பது 1980-களில் ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக எழுப்பிய நகல். படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துப் போடாமல் வைத்துக்கொண்டார்கள். நல்ல முடிவு. எவ்வளவு சின்ன இடத்துக்குள் அத்தனை கூச்சலும் நடந்தது என்பது உள்ளே உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

இப்போது வயல் வழியாக மயானத்துக்கு நடந்துகொண்டிருக்கிறேன். சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்டவர்களுக்கு முறையான அடக்கம் கிடையாது. தூக்கு முடிந்த இரவில் ரெபெக்காவின் பிள்ளைகள் ரகசியமாக உடலை எடுத்து வந்து இங்கே புதைத்தார்கள் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருவது. எந்த இடம் என்று குறி கிடையாது. இந்த உயரமான கருங்கல் தூண் வம்சாவளியினர் 1885-இல் வைத்தது. கவிஞர் ஜான் கிரீன்லீஃப் விட்டியர் எழுதிக் கொடுத்த நான்கு வரி அதில் இருக்கிறது.

ஆனால் நான் உங்களைக் கூட்டி வந்தது இந்த இரண்டாவது கல்லுக்காக. 1892-இல் வைத்தது. ரெபெக்கா அப்படிப்பட்டவர் இல்லை என்று மனு எழுதிக் கையெழுத்துப் போட்ட சுமார் 40 அக்கம்பக்கத்தாரின் பெயர்கள் இதில் இருக்கின்றன. சூனியக்காரிக்குப் பரிந்து பேசினால் அடுத்து உன்மேல் கை நீளும் என்ற காலம் அது. அப்போது பெயர் கொடுத்திருக்கிறார்கள். பட்னம்களின் பெயரும் இதில் உண்டு. ஜொனாதன் பட்னம் முதலில் ரெபெக்காமேல் புகார் கொடுத்தவர்களில் ஒருவர். பிறகு அவரே மனுவிலும் கையெழுத்துப் போட்டார். உலகத்தில் எத்தனையோ நினைவுக்கல் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வைத்த கல் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அந்த மனு அன்று பலிக்கவில்லை. குடும்பம் விடவும் இல்லை. மகன் சாமுவேலும் மருமகன் ஜான் டார்பெல்லும் அந்தக் கிராமத்துப் போதகர் பாரிஸோடு பல ஆண்டு மல்லுக்கட்டினார்கள், கடைசியில் அவர் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 1697-இல் நடுவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். 1706-இல் ஆன் பட்னம் சபையில் எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்பை வாசித்தார்கள். அதில் ரெபெக்காவின் பெயரைக் குறிப்பிட்டே சொன்னார். ரெபெக்காவை 1692-இல் சபையிலிருந்து நீக்கியிருந்தார்கள், அதை 1712-இல் ரத்து செய்தார்கள்.

இந்தக் கல்லறைகளை யாரும் தேய்க்காதீர்கள், எழுத்து தெரியவில்லை என்று பொடி தூவாதீர்கள். கம்பி பிரஷ், பிளீச் இரண்டும் பழைய கல்லைத் தின்றுவிடும். சுத்தமான தண்ணீர், மிருதுவான பிரஷ், அதுவும் தெரிந்தவர்கள் மட்டும்.

கடைசியாக, பாஸ்டன் பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்கு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் சேலத்துக்குக் கூட்டிப் போகிறீர்கள் இல்லையா, அதே பயணத்தில் இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் திறந்திருக்காது, திறக்கும் நாட்களை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள், வெளியே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அந்தப் பணம் கூரைக்கும் சுவருக்கும் வேண்டியிருக்கிறது. தச்சு வேலை, கொத்து வேலை தெரிந்தவர்கள், சும்மா சருகு வார வருகிறேன் என்கிறவர்கள், சுற்றிக் காட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர்களில் வயதானவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஏணி ஏற இளைய ஆட்கள் தேவை. நானும் என் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பப் போகிறேன்.