பிவிசி சுவரைக் கழுவும் முறை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீடுகளின் சன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக் கொடுக்கும் தொழிலைச் செய்து வருகிறேன். கண்ணாடி வேலை முடிந்ததும், "தம்பி, இந்தச் சுவரையும் கையோடு கழுவிவிடுங்களேன்" என்று வீட்டுக்கார அம்மா கேட்பது வழக்கம். அவர் காட்டுவது பெரும்பாலும் பழைய பலகை வீட்டின் வெளிப்புறத்தையோ, பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறையையோ மூடியிருக்கும் பிவிசி எனும் பிளாஸ்டிக் பலகைகளைத்தான்.

இவை தண்ணீர் புகாதபடி ஒட்டப்பட்டவை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், மேற்பலகையின் விளிம்பு கீழ்ப்பலகையின் மேல் கவிழ்ந்து, ஒன்றோடொன்று கொக்கி போட்டுத் தொங்குகின்றன. வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடம் வேண்டும் என்பதால் ஆணியைக்கூட இறுக அடிக்கக் கூடாது. மேலிருந்து விழும் மழை வழிந்து ஓடிவிடும். தப்பி உள்ளே போகும் சிறிதளவு நீரும் பலகையின் அடிவிளிம்பிலுள்ள நெல்மணி அளவுத் துளைகளின் வழியே வெளியேறிவிடும். ஆனால் கீழே நின்று, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் வாட்டர் ஜெட்டை அண்ணாந்து பிடித்தால், மழை ஒருபோதும் போகாத திசையில் தண்ணீர் அந்த மடிப்புகளுக்குள் ஏறிவிடுகிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே அப்படிச் செய்தேன். பாசி கண்ணெதிரே பெயர்ந்து விழுந்ததில் எனக்கும் மகிழ்ச்சி, வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. இரண்டு நாள் கழித்து அவர் என்னை அழைத்து, படுக்கையறையில் கட்டிலுக்குப் பின்னால் உட்சுவர்ப் பலகை ஊறி உப்பியிருந்ததைக் காட்டினார். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். பலகையையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்தச் சுவர்களுக்கு நீண்ட கோலில் பொருத்திய மென்மையான தூரிகையும் சாதாரண ரப்பர் குழாயும்தான் என் கருவிகள்.

கழுவுவதற்கு முன் அழுக்கு எதுவென்று பார்க்க வேண்டும். மரநிழல் விழும் பக்கத்தில் பச்சைப் பாசி படரும்; முழங்கால் உயரம் வரை செம்மண் தெறித்திருக்கும்; செம்பனை எண்ணெய் ஆலைக்கு அருகிலுள்ள வீடுகளில் பிசுபிசுப்பான கரி படியும். வெயில் படும் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து இழுத்தால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. அது அழுக்கன்று, ஆண்டுக்கணக்கான வெயிலில் பலகையின் மேற்பரப்பே தேய்ந்து உதிர்வது. அதை நாரால் அழுத்தித் தேய்த்தால் எஞ்சியிருக்கும் மேற்பரப்பையும் இழந்துவிடுவோம்.

மண்ணுக்கும் கரிக்கும், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரே போதுமானது. இலேசான பூஞ்சைக்கு 3 பங்கு வெள்ளை வினிகரை 7 பங்கு தண்ணீரில் கலந்து பூசலாம். அதற்கும் போகாத கரும்புள்ளிகளுக்கு மட்டும், 1 பங்கு குளோரொக்ஸை (துணி வெளுக்கும் திரவம்) 4 பங்கு தண்ணீரில் கலந்து, ஐந்து நிமிடம் விட்டு, காய்வதற்குள் அலசிவிட வேண்டும். இவ்விடத்தில் நேயர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: குளோரொக்ஸையும் வினிகரையும் ஒரே வாளியில் ஊற்றாதீர்கள், ஒன்றைப் பூசிய சுவரில், நன்றாக அலசாமல், மற்றொன்றைப் பூசாதீர்கள். அவை சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும். தின்னர், பெட்ரோல் போன்றவை பலகையின் பளபளப்பையே அரித்துவிடும் என்பதால் அவற்றையும் தொட வேண்டாம்.

பூசுவதற்கு முன், சுவரோரத்து மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் நிறையத் தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுங்கள். பின்னர் மருந்து தெறித்தாலும் இலை கருகாது. மருந்தைக் கீழிருந்து மேலாகப் பூசி, மேலிருந்து கீழாக அலச வேண்டும். மேலிருந்து பூசினால், அழுக்குநீர் காய்ந்த பலகையின் மேல் கோடுகோடாக இறங்கி, பிறகு எளிதில் நீங்காத தடங்களை விட்டுவிடும். சுவரில் வெயில் ஏறுவதற்கு முன், காலையிலேயே தொடங்குவது நல்லது. சூடான பலகையில் சவர்க்காரம் நொடியில் காய்ந்து திட்டாகிவிடும். கோலை உயர்த்தும் முன் வீட்டுக்கு வரும் மின்கம்பி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலுமினியக் கோலாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அலசிய பிறகு, பெரும்பாலோர் மறந்துவிடும் வேலை ஒன்று இருக்கிறது. அடிவிளிம்புத் துளைகளைக் குளவி மண்ணால் அடைத்து வைத்திருக்கும். நான் தென்னை ஈர்க்குச்சி ஒன்றால் ஒவ்வொரு துளையையும் மெல்லக் குத்திப் பார்ப்பேன். அடைபட்ட துளையிலிருந்து சில வேளைகளில் பழுப்புநிறத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். அது நின்று காயும்வரை அந்தப் பக்கத்தை விட்டு நகர மாட்டேன். சன்னல் கண்ணாடியை அதற்குப் பிறகே துடைப்பேன்.